தட்டுச் சோதனை: கணிப்பொறியின் ஜமாபந்தி

2012-ஆம் ஆண்டு மார்ச் மாதம். தமிழகத்தில் மின்வெட்டு கடுமையாக இருந்த காலம். எங்கள் இயற்பியல் ஆய்வகத்தின் மூலையில் ஒரு பழைய கணிப்பொறி இருந்தது. முதுகலை மாணவர் ஒருவர், தெர்மிஸ்டரின் மின்தடை வெப்பநிலைக்கேற்ப எவ்வாறு மாறுகிறது என்பதை மூன்று வாரங்களாக அளந்து, அளவீடுகளை அதில்தான் பதிந்து வந்தார். ஒரு நாள் மாலை, அவர் கோப்பைச் சேமித்துக்கொண்டிருந்த வேளையில் மின்சாரம் நின்றுவிட்டது.

மறுநாள் காலை பொத்தானை அழுத்தினோம். வழக்கமான திரை வரவில்லை. அதற்குப் பதிலாகச் சில வரிகள் தோன்றின. தட்டு ஒன்றைச் சோதிக்க வேண்டியுள்ளது என்றும், சோதனை வேண்டாமெனில் 10 நொடிகளுக்குள் ஏதேனும் ஒரு விசையை அழுத்தலாம் என்றும் அவை கூறின.

"சார், ஓடட்டுமா? நிறுத்திவிடட்டுமா?" என்று மாணவர் கேட்டார்.

"ஓடட்டும் தம்பி. அதுவே சரிசெய்துகொள்ளும்" என்றேன்.

என் விடையில் பாதி சரி, பாதி தவறு. தவறான பாதிக்கு நாங்கள் என்ன விலை கொடுத்தோம் என்பதைப் பின்னர் சொல்கிறேன். கணிப்பொறி ஏன் தட்டைச் சோதிக்கிறது, எதைச் சோதிக்கிறது, எதைச் சோதிப்பதில்லை என்பவற்றை முதலில் காண்போம்.

சுழலும் தட்டு

வன்தட்டு என்பது காந்தப் பூச்சு பூசப்பட்ட வட்டத் தகடு. உலகின் முதல் வன்தட்டை ஐ.பி.எம். நிறுவனம் 1956-இல் வெளியிட்டது. அதில் 24 அங்குல விட்டமுள்ள 50 தகடுகள் இருந்தன. அத்தனையும் சேர்ந்து சேமித்தது சுமார் 50 இலட்சம் எழுத்துகளை மட்டுமே. இன்று உள்ளங்கையில் அடங்கும் வன்தட்டு ஒன்று அதைப்போல் பல இலட்சம் மடங்கு சேமிக்கிறது.

மேசைக் கணிப்பொறிகளில் உள்ள வன்தட்டுகளில் பல நிமிடத்துக்கு 7,200 முறை சுழல்பவை. அதாவது நொடிக்கு 120 சுற்று. தகட்டின் விட்டம் ஏறத்தாழ 9.5 சென்டிமீட்டர். அதன் ஓரத்திலுள்ள ஒரு புள்ளி என்ன வேகத்தில் செல்லும் என்று நீங்களே கணக்கிடலாம். சுற்றளவு சுமார் 0.30 மீட்டர், அதை 120-ஆல் பெருக்கினால் நொடிக்கு 36 மீட்டர். மணிக்கு ஏறக்குறைய 130 கிலோமீட்டர்! விரைவு ரயிலின் வேகம் இது. இந்த வேகத்தில் ஓடும் பரப்புக்கு மேலே, சில நானோமீட்டர் உயரத்தில், படித்து எழுதும் முனை மிதக்கிறது. நம் தலைமுடியின் தடிமன் பல்லாயிரம் நானோமீட்டர் என்பதை நினைவில் கொண்டால், இந்த இடைவெளி எவ்வளவு நுண்ணியது என்பது விளங்கும்.

தகட்டின் பரப்பு வட்ட வட்டமான தடங்களாகவும், ஒவ்வொரு தடமும் சிறு பிரிவுகளாகவும் பகுக்கப்பட்டுள்ளது. ஒரு பிரிவில் 512 பைட்டுகள் அடங்கும். புதிய தட்டுகளில் 4,096 பைட்டுகள். ஒவ்வொரு பிரிவிலும் செய்தியோடு ஒரு திருத்தக் குறியீடும் சேர்த்து எழுதப்படுகிறது. படிக்கும்போது ஓரிரு பிழைகள் நேர்ந்தால் அக்குறியீட்டின் உதவியால் அவை திருத்தப்படும். பிழைகள் அளவுக்கு மீறினால் அந்தப் பிரிவு "படிக்க இயலாதது" ஆகிறது. இது தட்டின் உடற்கோளாறு.

உடற்கோளாறு ஏதும் இல்லாமலே தட்டில் குழப்பம் நேரலாம். தொடக்கச் சோதனை தேடுவது பெரும்பாலும் இந்த இரண்டாம் வகைக் குழப்பத்தைத்தான்.

சிட்டாவும் அடங்கலும்

உங்கள் ஊர் கிராம நிர்வாக அலுவலரிடம் சிட்டா, அடங்கல் என்ற பதிவேடுகள் இருப்பதை அறிந்திருப்பீர்கள். சிட்டா ஆள்வாரியானது. இன்னாருக்கு இன்னின்ன சர்வே எண்களில் நிலம் உள்ளது என்று சொல்வது. அடங்கல் நிலவாரியானது. இந்தச் சர்வே எண் யாருடையது, அதில் என்ன பயிர் நிற்கிறது என்று சொல்வது. நிலம் ஒன்றுதான், கணக்கு இரண்டு. இரண்டும் ஒத்துப்போக வேண்டும்.

வன்தட்டிலும் இதே ஏற்பாடு உள்ளது. பிரிவுகள் சிலவற்றைச் சேர்த்துக் கொத்து என்று வைத்துக்கொள்கிறார்கள். இன்ன கோப்பு இன்னின்ன கொத்துகளில் உள்ளது என்று ஒரு பதிவேடு சொல்லும். இது சிட்டா. இன்ன கொத்து காலியாக உள்ளதா, பயன்பாட்டில் உள்ளதா என்று மற்றொரு பதிவேடு சொல்லும். இது அடங்கல். இவ்விரண்டும் பிற குறிப்புகளும் சேர்ந்ததே கோப்பமைப்பு. விண்டோஸ் கணிப்பொறிகளில் என்.டி.எஃப்.எஸ். என்ற கோப்பமைப்பும், லினக்ஸ் கணிப்பொறிகளில் பெரும்பாலும் எக்ஸ்ட் வகைக் கோப்பமைப்பும், பென் டிரைவ்களில் ஃபேட் அல்லது எக்ஸ்ஃபேட் என்ற எளிய கோப்பமைப்பும் வழக்கில் உள்ளன.

நீங்கள் ஒரு கோப்பைச் சேமிக்கிறீர்கள். உங்களுக்கு அது ஒரே செயல். கணிப்பொறிக்கோ பல செயல்கள். காலியான கொத்துகளைத் தேட வேண்டும். அவற்றில் செய்தியை எழுத வேண்டும். அடங்கலில் "பயன்பாட்டில் உள்ளது" என்று குறிக்க வேண்டும். சிட்டாவில் கோப்பின் பெயரோடு அவற்றைச் சேர்க்க வேண்டும். இவை தட்டின் வெவ்வேறு இடங்களில் உள்ளன. முனை ஓரிடத்திலிருந்து மற்றோர் இடத்துக்கு நகர்ந்து, வேண்டிய பிரிவு சுழன்று வரும்வரை காத்திருக்க வேண்டும். ஒரு சுற்றுக்கு ஆகும் நேரம் 8.3 மில்லி நொடி. ஆகவே சராசரிக் காத்திருப்பு 4 மில்லி நொடிக்குச் சற்றே அதிகம். இதைக் குறைப்பதற்காகக் கணிப்பொறி எழுத வேண்டியவற்றைச் சிறிது நேரம் நினைவகத்தில் வைத்திருந்து, பின்னர் மொத்தமாக எழுதுவதும் உண்டு. நினைவகத்தில் இருப்பது மின்சாரம் நின்றால் மறைந்துவிடும்.

இப்போது அந்த மாலை வேளையை எண்ணிப் பாருங்கள். அடங்கலில் எழுதியாகிவிட்டது, சிட்டாவில் எழுதுவதற்குள் மின்சாரம் போய்விட்டது. பயிர் நிற்கிறது என்று ஒரு பதிவேடு சொல்கிறது. உரிமையாளர் எவரும் இல்லை என்று மற்றொன்று சொல்கிறது. தட்டின் காந்தப் பரப்பில் ஒரு கீறலும் இல்லை. ஆனாலும் கணக்கு உதைக்கிறது.

கணக்கு முடியாத நாள்

கணக்கு உதைப்பது கணிப்பொறிக்கு எப்படித் தெரிகிறது? அதற்கு ஓர் எளிய ஏற்பாடு உண்டு. தட்டின் பதிவேட்டில் ஒரு சிறு அடையாளக் குறி இருக்கும். "வேலை நடக்கிறது, கணக்கு இன்னும் முடியவில்லை" என்பது அதன் பொருள். ஆங்கிலத்தில் இதை டர்ட்டி பிட் என்பார்கள். நாம் "அழுக்குக் குறி" என்று சொல்லலாம். கணிப்பொறியை முறைப்படி அணைத்தால் எல்லாம் எழுதி முடிக்கப்பட்டு, குறி அழிக்கப்படும். இடையில் மின்சாரம் போனால் குறி அப்படியே நின்றுவிடும். அடுத்த முறை தொடங்கும்போது கணிப்பொறி அதைப் பார்க்கிறது. "நேற்றுக் கணக்கு முடிக்கப்படவில்லை" என்று அறிகிறது. விண்டோஸில் கோப்பமைப்பில் ஏதேனும் முரண்பாடு கண்ணில் பட்டாலும் இக்குறி இடப்படும்.

சோதனை ஏன் தொடக்கத்திலேயே நடக்க வேண்டும்? கடையில் வியாபாரம் நடந்துகொண்டிருக்கும்போது இருப்புக் கணக்கு எடுத்தால் சரிவருமா? கடையைத் திறக்குமுன் எடுப்பதுதான் முறை. இயக்க அமைப்பு தங்கியுள்ள தட்டில் எப்போதும் எழுதலும் அழித்தலும் நடந்துகொண்டே இருக்கும். எனவே மற்ற நிரல்கள் எழுந்திருக்குமுன் அதைச் சோதித்துத் திருத்துகிறார்கள்.

ஜமாபந்தி

ஆண்டுதோறும் வட்ட அலுவலகத்தில் ஜமாபந்தி நடக்கும். கிராமக் கணக்குகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டுத் தணிக்கை செய்வார்கள். தட்டுச் சோதனையும் ஒரு ஜமாபந்திதான். விண்டோஸில் இதைச் செய்யும் நிரலுக்கு செக் டிஸ்க் என்று பெயர். யூனிக்ஸ் வகை அமைப்புகளில் எஃப்.எஸ்.சி.கே. என்பார்கள், அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் பணியாற்றிய டெட் கோவால்ஸ்கி இதனை எழுதியவர்.

செக் டிஸ்க் என்.டி.எஃப்.எஸ். தட்டை மூன்று கட்டங்களாகப் பார்க்கிறது. முதலில் ஒவ்வொரு கோப்பின் பதிவையும் பார்க்கிறது. அடுத்து, கோப்புறைகளின் அட்டவணைகளைப் பார்க்கிறது. பெயர் இருந்து கோப்பு இல்லாமலோ, கோப்பு இருந்து பெயர் இல்லாமலோ உள்ளதா என்று தேடுகிறது. மூன்றாவதாக, எந்தக் கோப்பை யார் திறக்கலாம் என்ற உரிமைக் குறிப்புகளைச் சரிபார்க்கிறது. முழுப் பரப்பையும் சோதிக்கும்படி நாம் தனியாகக் கட்டளையிட்டால் மட்டுமே, ஒவ்வொரு கொத்தையும் படித்துப் பார்க்கும் நான்காம், ஐந்தாம் கட்டங்கள் நடைபெறும்.

எளிய ஃபேட் அமைப்பில் இரண்டு குற்றங்கள் அடிக்கடி அகப்படும். உரிமையாளர் இல்லாத கொத்துகள் ஒன்று. ஒரே கொத்துக்கு இரண்டு கோப்புகள் உரிமை கொண்டாடுவது மற்றொன்று. முதல் வகையில் அகப்பட்ட துண்டுகளைச் சோதனை நிரல் "ஃபவுண்ட்" என்ற பெயரில் தொடங்கும் ஒரு கோப்புறையில் எண்ணிட்டு வைக்கும். லினக்ஸில் பெயரிழந்த கோப்புகள் "லாஸ்ட் பிளஸ் ஃபவுண்ட்" என்ற கோப்புறைக்குப் போய்ச் சேரும். காணாமற்போன பொருள்களை ஒப்படைக்கும் அறை போன்றது அது. அங்கே உங்கள் கட்டுரையின் ஒரு துண்டு கிடைத்தாலும் கிடைக்கலாம். ஆனால் பெயர் இராது. முழுமையாக இருக்கும் என்பதற்கும் உறுதியில்லை.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். ஜமாபந்தியில் கணக்குத் திருத்தப்படும். வயலில் கருகிய பயிர் மீண்டும் தழைக்காது. தட்டுச் சோதனையும் அப்படித்தான். கோப்பமைப்பு முரண்பாடின்றி இருக்க வேண்டும் என்பதே அதன் குறிக்கோள். உங்கள் கோப்பைக் காப்பாற்றுவது அன்று. முரண்பாட்டை நீக்கச் சில நேரங்களில் ஒரு பதிவை அடித்துவிடவும் அது தயங்காது. ஒரு கோப்பு பாதியில் வெட்டப்பட்டுவிட்டாலும், இரண்டு பதிவேடுகளும் ஒத்துப்போய்விட்டால் "சரியாகிவிட்டது" என்றே அறிவிக்கும்.

குறிப்பேடும் பேரேடும்

தட்டுகள் பெரிதாகப் பெரிதாக, ஒவ்வொரு மின்வெட்டுக்குப் பின்னும் முழு ஜமாபந்தி நடத்துவது பெருஞ்சுமை ஆயிற்று. இதற்குத் தீர்வு கணக்குப்பதிவியலில் நெடுங்காலமாக உள்ள முறைதான். வணிகர் ஒரு நடவடிக்கையை முதலில் குறிப்பேட்டில் எழுதுவார். பின்னர் பேரேட்டில் ஏற்றுவார். கோப்பமைப்பும் "இன்னின்ன மாற்றங்களைச் செய்யப்போகிறேன்" என்று முதலில் ஒரு குறிப்பேட்டில் எழுதிக்கொள்கிறது. பின்னரே பதிவேடுகளைத் திருத்துகிறது. இடையில் மின்சாரம் போனாலும், மறுமுறை தொடங்கும்போது குறிப்பேட்டின் கடைசிச் சில வரிகளைப் பார்த்தால் போதும். முழுமையாக எழுதப்பட்டிருந்தால் அந்த வேலையை முடித்துவிடும். அரைகுறையாக இருந்தால் கைவிட்டுவிடும். 1993-இல் வந்த என்.டி.எஃப்.எஸ். அமைப்பிலும், 2001-இல் லினக்ஸில் சேர்ந்த எக்ஸ்ட்3 அமைப்பிலும் இந்த வசதி உள்ளது.

ஃபேட், எக்ஸ்ஃபேட் ஆகியவற்றுக்குக் குறிப்பேடு கிடையாது. பென் டிரைவைச் சட்டென்று பிடுங்கினால், அடுத்த முறை செருகும்போது "சோதித்துத் திருத்தவா?" என்று கணிப்பொறி கேட்பதன் காரணம் இப்போது புரிகிறதல்லவா?

தினந்தோறும் சோதனை வந்தால்?

மின்வெட்டுக்குப் பின் ஒருமுறை சோதனை வருவது இயல்பு. சோதனை முடிந்தும், முறைப்படி அணைத்தும், மறுநாள் மீண்டும் அதே செய்தி வந்தால் அது நோயின் அறிகுறி. காரணங்கள் பல இருக்கலாம்.

முதலாவது, ஒரு நாணய மின்கலம்! கணிப்பொறியின் தாய்ப்பலகையில் 3 வோல்ட் தரும் சிறு மின்கலம் ஒன்று உண்டு. மின்சாரம் இல்லாதபோதும் கடிகாரம் ஓடுவது அதனால்தான். அது தீர்ந்துவிட்டால் தேதி பல ஆண்டுகள் பின்னால் போய்விடும். லினக்ஸ் கணிப்பொறி தட்டின் பதிவைப் பார்த்து, "கடைசியாக எழுதிய நாள் எதிர்காலத்தில் இருக்கிறதே!" என்று திகைத்துச் சோதனையைத் தொடங்கக்கூடும். தட்டு நலமாகவே இருக்கும். ஆகவே தேதியைப் பார்ப்பது முதல் வேலை. மின்கலத்தை மாற்ற அதிகச் செலவில்லை.

இரண்டாவது, தட்டையும் தாய்ப்பலகையையும் இணைக்கும் கம்பி வடம். அது தளர்ந்திருந்தால் செய்தி வழியிலேயே சிதைந்து, மீண்டும் மீண்டும் அனுப்பப்படும். அணைத்து, மின் இணைப்பையும் நீக்கிவிட்டு, வடத்தைக் கழற்றி மாட்டினாலே சில நேரங்களில் தொல்லை தீர்ந்துவிடும்.

மூன்றாவது, நினைவகப் பழுது. நினைவகத்தில் ஒரு பிட் தவறாக மாறினால், தவறான செய்தியே தட்டில் போய் எழுதப்படும். தட்டை எத்தனை முறை சோதித்தாலும் பயன் இராது. நினைவகத்தைச் சோதிக்கும் நிரலைத்தான் ஓட்ட வேண்டும்.

நான்காவது, தட்டே தேய்ந்துவருவது. வன்தட்டுகள் தம் உடல்நிலையைத் தாமே குறித்துவைக்கின்றன. இந்த ஏற்பாட்டுக்கு ஸ்மார்ட் என்று பெயர். எத்தனை பிரிவுகள் கெட்டு, சேமத்தில் உள்ள பிரிவுகளுக்கு மாற்றப்பட்டன என்ற எண்ணிக்கை அதில் இருக்கும். அந்த எண் வாரத்துக்கு வாரம் ஏறினால் தட்டின் நாள்கள் எண்ணப்படுகின்றன என்று கொள்ளலாம். வழக்கத்துக்கு மாறான "டிக், டிக்" ஒலியும் கெட்ட சகுனமே. முனை தடத்தைப் பிடிக்க முடியாமல் மீண்டும் மீண்டும் முயல்வதன் ஒலி அது. இப்போது பரவிவரும் திண்மநிலைத் தட்டுகளில் சுழலும் பகுதி இல்லை; ஆகவே இந்த முன்னறிவிப்பு ஒலியும் இல்லை.

அந்த மூன்று நாள்கள்

இனி எங்கள் கதைக்கு வருவோம். முதல் நாள் சோதனை சில நிமிடங்களில் முடிந்தது. கணிப்பொறி எழுந்தது. முந்தைய மாலை எடுத்த அளவீடுகளைத் தவிர மற்றவை அனைத்தும் திரையில் தெரிந்தன. மகிழ்ந்தோம். மறுநாள் மின்வெட்டே இல்லை. ஆனாலும் மீண்டும் சோதனை வந்தது. ஏன் என்று நான் கேட்கவில்லை. மூன்றாம் நாளும் வந்தது. பெட்டியிலிருந்து மெல்லிய "டிக், டிக்" ஒலி கேட்பதாக மாணவர் சொன்னார். "முழுச் சோதனையே செய்துவிடலாம்" என்று, பரப்பு முழுவதையும் படித்துப் பார்க்கும் கட்டளையைக் கொடுத்துவிட்டு மாலை வீட்டுக்குப் போய்விட்டேன்.

முழுச் சோதனை எவ்வளவு கடினமான வேலை என்பதற்கு ஒரு கணக்கு: ஒரு டெராபைட் தட்டை நொடிக்கு 150 மெகாபைட் வீதம் தடையின்றிப் படித்தாலே ஏறத்தாழ 1 மணி 50 நிமிடம் ஆகும். கெட்ட பிரிவு ஒவ்வொன்றிலும் தட்டு பலமுறை முயன்று பார்ப்பதால், இடையிடையே பல நொடிகள் நின்றுவிடும். அதனால்தான் திரையில் விழுக்காடு நகராமல் நிற்கிறது. பொறுமையிழந்து அணைத்துவிடக் கூடாது என்பது உண்மையே. ஆயினும் சாகும் தறுவாயில் உள்ள தட்டுக்கு அந்த ஓட்டம் மூச்சிரைக்கும் நோயாளியை மலையேறச் சொல்வது போன்றது. மறுநாள் காலை அந்தக் கணிப்பொறிக்குத் தட்டு இருப்பதே தெரியவில்லை.

மாணவர் நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்திருந்த முதல் வாரத்து அளவீடுகள் மட்டுமே எஞ்சின. மீதி இரண்டு வார வேலையை அவர் ஏப்ரல் வெயிலில், மின்விசிறியும் ஓடாத ஆய்வகத்தில், மீண்டும் செய்தார். என்னை ஒரு சொல் சொல்லவில்லை. அந்த அளவீடுகள் முழுவதும் சில நூறு கிலோபைட்டுகூட இருந்திருக்காது. இரண்டு நாள்கள் அவை எங்கள் கண்முன் திரையில் இருந்தன. பென் டிரைவ் என் சட்டைப் பையிலேயே இருந்தது.

செய்ய வேண்டிய வரிசை

ஆகவே நண்பர்களே, உங்கள் வீட்டிலோ பள்ளியிலோ கணிப்பொறி தொடக்கத்தில் இச்செய்தியைக் காட்டினால் இந்த வரிசையை நினைவில் கொள்ளுங்கள்.

1. மின்வெட்டுக்குப் பின் முதல் முறை என்றால், இயல்பான சோதனையை முழுமையாக ஓடவிடுங்கள், இடையில் அணைக்காதீர்கள்.

2. தட்டில் விநோத ஒலி கேட்டாலோ, தட்டு கெடப்போகிறது என்று ஸ்மார்ட் எச்சரித்தாலோ, சோதனையைத் தொடக்கத்திலேயே தவிர்த்துவிடுங்கள். தட்டை வேறொரு கணிப்பொறியில் இணைத்து, முக்கியமான கோப்புகளை முதலில் படியெடுங்கள்.

3. கணிப்பொறி எழுந்துவிட்டது என்றால், வேறு எதையும் செய்யுமுன் படியெடுங்கள்.

4. சோதனை மீண்டும் மீண்டும் வந்தால் தேதி, வடம், நினைவகம், ஸ்மார்ட் எண்கள் என்ற வரிசையில் காரணத்தைத் தேடுங்கள். விண்டோஸில் செக் டிஸ்க் நிரலைத் திருத்தும் கட்டளை சேர்க்காமல் ஓட்டினால், அது எதையும் மாற்றாமல் குறைகளை மட்டும் பட்டியலிடும்.

5. படியெடுத்து முடித்த பின்னரே முழுப் பரப்புச் சோதனை. அதில் கெட்ட பிரிவுகள் பெருகினால் தட்டை மாற்றிவிடுங்கள்.

இயற்பியல் ஆய்வகத்தில் ஒரே அளவீட்டை மூன்று முறை எடுக்கும்படி உங்கள் ஆசிரியர் சொல்வார். எடுத்த அளவீட்டை இரண்டு இடங்களில் எழுதி வைக்கும்படி நான் என் மாணவர்களிடம் சொல்கிறேன். 2012-க்குப் பின் எங்கள் ஆய்வகத்தில் மாலை மணி ஐந்தானதும் நடக்கும் முதல் வேலை அதுதான். இன்று வீட்டுக்குப் போனதும் உங்கள் கோப்புகளில் மீண்டும் உண்டாக்க முடியாதவை எவை என்று ஒரு பட்டியல் போட்டுப் பாருங்கள். அவற்றுக்கு இரண்டாவது படி எங்கே இருக்கிறது?